ஃபேட்டி லிவர்னா இம்யூனிட்டி கம்மின்னு அர்த்தமா? பூஸ்டர் சாப்பிடலாமா?

ஸ்கேன்ல ஃபேட்டி லிவர்னு வந்திருக்கு, நோய் எதிர்ப்பு சக்தி குறைஞ்சதாலயா இது, இம்யூனிட்டி பூஸ்டர் எடுத்தா சரியாகுமான்னு கேட்டிருக்கீங்க. நான் டாக்டர் இல்லங்க, கிரேடு 2 (கொழுப்பு நடுத்தர அளவு) ரிப்போர்ட்டை கையில வச்சுக்கிட்டு இதே கேள்வியோட அலைஞ்சவன், அவ்ளோதான். நேரா சொல்லிடறேன், விஷயம் அப்படியே தலைகீழ். இந்த நோய்ல எதிர்ப்பு சக்தி தூங்கல, தேவையில்லாம முழிச்சுக்கிட்டு ராத்திரி பகலா சண்டை போடுது, அதுதான் பிரச்சனையே.

எனக்கு கம்பெனி செக்கப்புல தெரிஞ்சது, அப்ப வயசு 41, எஸ்ஜிபிடி (கல்லீரல் செல் அடிபட்டா ரத்தத்துல ஏறற என்சைம்) 78, நார்மலை விட அதிகம். குடிப்பழக்கம் கிடையாது, ஆனா ரிப்போர்ட்டை பார்த்துட்டு அம்மா என்னை பார்த்த பார்வை இருக்கே, அதை விடுங்க. (குடிக்காதவங்க கல்லீரலும் குடிகாரங்களோடது மாதிரியே வீங்கி கெட்டுப்போகும்னு 1980லயே அமெரிக்காவுல மயோ கிளினிக் பேத்தாலஜிஸ்ட் லுட்விக் எழுதி அதுக்கு தனியா பேரும் வச்சுட்டார், எங்க தெருவுக்குதான் நியூஸ் இன்னும் வரல.)

உள்ள என்ன நடக்குதுன்னா, கல்லீரலுக்கு போற ரத்தத்துல கிட்டத்தட்ட முக்கால்வாசி போர்ட்டல் வெயின் வழியா குடல் பக்கத்துல இருந்துதான் வருது. சாப்பாட்டு சத்தோட குடல் பாக்டீரியாவோட உடைஞ்ச துண்டு துணுக்கும் சேர்ந்தே வரும். அங்க செக்போஸ்ட் மாதிரி உக்காந்திருக்கறது கப்ஃபர் செல்லுங்க, உடம்புல உறுப்புகளுக்குள்ளயே குடியிருக்கற மேக்ரோஃபேஜ்ல (கிருமி, குப்பையை முழுங்கற எதிர்ப்பு செல்) பெரும்பங்கு இந்த ஒரு இடத்துலதான் இருக்கு. வர்ற குப்பையை சத்தம் போடாம முழுங்கிட்டு சும்மா இருக்கறதுதான் அதுங்களோட தினசரி வேலை, ஒவ்வொண்ணுக்கும் மல்லுக்கு நின்னா நாம ரெண்டு இட்லி சாப்பிட்டாலே காய்ச்சல் வந்துரும்.

இப்ப கல்லீரல் செல்லுக்குள்ள கொழுப்பு ஏறுது. துளித்துளியா ஒதுங்கி கிடக்கற வரைக்கும் பெருசா ஒண்ணும் பண்ணாது, நிறைய பேருக்கு அதோட நின்னுடும். ஆனா பால்மிட்டிக் மாதிரி கொழுப்பு அமிலம் சமாளிக்க முடியாத அளவுக்கு வந்துக்கிட்டே இருந்தா செல் திணறி செத்துப்போகும், செத்த செல்லுல இருந்து கசியறதை பார்த்து கப்ஃபர் செல்லுங்க ஏதோ கிருமி புகுந்துருச்சுன்னு அலாரம் அடிக்கும், அதே நேரம் குடல் சுவரும் கொஞ்சம் ஓட்டையாகி பாக்டீரியா துணுக்கு அதிகமா வர, டிஎன்எஃப், இன்டர்லூக்கின்னு வீக்கத்தை கிளப்பற சிக்னல் என்னென்னமோ சுரந்து ரத்தத்துல இருந்து மோனோசைட், நியூட்ரோஃபில், டி செல்னு வெள்ளை அணு வகை எல்லாரையும் கூப்பிட்டுக்கும். கிருமியே கிடையாது, வந்த படைக்கு அடிக்க ஆளில்லாம சொந்த வீட்டையே அடிக்கும்.

எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது கல்லீரல்லயே இருக்கற ஸ்டெல்லேட் செல். நல்ல நாள்ல விட்டமின் ஏ-வை பத்திரமா சேர்த்து வைக்கற சாது. இந்த கலவரத்துல டிஜிஎஃப் பீட்டான்னு ஒரு சிக்னல் வந்ததும் விட்டமினை எல்லாம் தொலைச்சுட்டு கொலாஜன்ங்கற நாரை பின்ன ஆரம்பிச்சிடும். அதுதான் தழும்பு, ஃபைப்ரோசிஸ், வருஷக்கணக்குல முத்தினா சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்க தழும்பாகி இறுகிடறது.

அப்ப எதிர்ப்பு சக்தியை அடக்கிட்டா போச்சேன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. மோனோசைட் வர்ற வழியை மறிக்கற செனிக்ரிவிராக்னு ஒரு மருந்தை பெரிய அளவுல சோதிச்சு பார்த்தாங்க, பலன் தெரியலன்னு 2021ல நிறுத்திட்டாங்க. இத்தனைக்கும் கொழுப்பு குறைஞ்சு அலாரம் அடங்கினா தழும்பை கரைக்க வர்றதும் இதே மேக்ரோஃபேஜ் கூட்டம்தான். அடிக்கறதும் அவன், ஒட்டறதும் அவன்.

பூஸ்டர் விஷயத்துக்கு வரேன். கொரோனா சமயத்துல எல்லாரும் சீந்தில் பொடி கஷாயம் குடிச்சோம்ல, 2021ல மும்பை டாக்டருங்க அது குடிச்சு கல்லீரல் பாதிச்ச 6 பேரை பத்தி எழுதினாங்க, எதிர்ப்பு சக்தி தூண்டப்பட்டு கல்லீரலையே தாக்கின மாதிரி இருந்துச்சுன்னு. ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்துச்சு, சண்டை நடந்துச்சு. அப்புறம் இந்தியாவுல வேற ஊர் ஆஸ்பத்திரிகள்ல இருந்தும் இதே மாதிரி கேஸ் எழுதினாங்க. சித்தா மேல எனக்கு கோவம் எதுவும் இல்ல, ஆனா ஏற்கனவே எரியற அடுப்புல எதுக்கு விறகு? எங்க வீட்டுல வாங்குன ஒரு பொடி டப்பா பாதியோட நிக்குது, என்ன கலந்திருக்குன்னு லேபிள்ல முழுசா போடவும் இல்ல.

உருப்படியா வேலை செஞ்சது எடை குறைச்சதுதான். 7 முதல் 10 சதவீதம் குறைஞ்சா கொழுப்போட சேர்ந்து வீக்கமும் அடங்கும்னு டாக்டர் சொன்னார். நான் 84 கிலோ, 10 மாசத்துல 77க்கு வந்தேன், ராத்திரி சோத்தை பாதியாக்கி, டீயில சர்க்கரையை விட்டு, சாயங்காலம் நடந்து. நடுவுல ரெண்டு மாசம் முள்ளு நகரவே இல்ல, கடுப்பாயிடுச்சு. கடைசியா எடுத்தப்ப எஸ்ஜிபிடி 34.

ஆனா எஸ்ஜிபிடி நார்மல்னு மட்டும் நிம்மதியாயிடாதீங்க, அது நார்மலா இருந்தும் தழும்பு இருக்கலாம். உங்க வயசு, எஸ்ஜிஓடி (எஸ்ஜிபிடி மாதிரியே இன்னொரு என்சைம்), எஸ்ஜிபிடி, பிளேட்லெட் இந்த நாலையும் வச்சு ஃபிப்-4னு ஒரு கணக்கு இருக்கு, ஆன்லைன்லயே போடலாம். 1.3க்கு கீழ வந்தா பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு கம்மி, மேல வந்தா டாக்டர்கிட்ட ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரல் எவ்ளோ இறுகியிருக்குன்னு அளக்கற ஸ்கேன்) எடுக்கணுமான்னு கேளுங்க. எனக்கு 1.1 வந்துச்சு.