ரிப்பனில் உள்ள இலைகளை எண்ணும் விதம்

அமெரிக்க விமானப்படையில் விமானியாக இருந்த உங்கள் மாமனாரின் நீலப் பதக்க ரிப்பனில் (பதக்கத்துக்கு அடையாளமாகச் சீருடையில் அணியும் துணிப்பட்டை) ஒரு வெள்ளி இலையும் இரண்டு வெண்கல இலைகளும் இருக்கின்றன, அப்படியானால் மூன்று பதக்கங்கள்தானே என்று கேட்டிருந்தீர்கள். மூன்று இல்லை, எட்டு! ஓரங்களை ஒட்டி இரண்டு ஆரஞ்சுப் பட்டைகள் ஓடினால் அது 1942-இல் தொடங்கப்பட்ட ஏர் மெடல், அதாவது வான்பணிச் சாதனைக்கான பதக்கம். முதல் முறை பெற்றதற்கு வெறும் ரிப்பன் மட்டுமே. அதன்பின் ஒவ்வொரு முறைக்கும் ஒரு வெண்கல ஓக் இலை. ஐந்து சேர்ந்ததும் அவற்றை எடுத்துவிட்டு ஒற்றை வெள்ளி இலையைக் குத்துவார்கள். ஆக, 1+5+2. கண்ணாடிச் சட்டம் போடும்போது இலைகள் இடம் மாறிவிடக்கூடும், கவனம்: வெள்ளி இலை பார்ப்பவருக்கு இடப்பக்கம் வர வேண்டும். எதற்கும் அவருடைய டிடி-214 பணிவிடுப்புச் சான்றிலுள்ள பதக்கப் பட்டியலோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.