டீசல் கசிந்த மண்ணைத் தோண்டி அகற்ற வேண்டுமா, தானாகச் சரியாகும் என்று விட்டுவிடலாமா?

எங்களுக்கு இது நேர்ந்திருக்கிறது. கோத்தகிரிப் பக்கம் சரிவில் எங்கள் தேயிலைத் தோட்டம். மேட்டில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. அங்கே ஜெனரேட்டர் டீசல் தொட்டி கசிந்து, எத்தனை நாளாகவோ மண்ணில் இறங்கியிருக்கிறது. தெரிந்ததும் அவர்கள் செய்த முதல் காரியம், சோப்புத் தூளைக் கொட்டிக் குழாய்த் தண்ணீரில் கழுவியது! மேலே வாடை போய்விட்டது. மண்ணில் ஒட்டியிருந்த எண்ணெயைச் சோப்பு இளக்கிவிட, இரண்டு மழைக்குப் பிறகு எங்கள் ஊற்றில் வானவில் படலம்.

தானாகச் சரியாகும் என்பது பொய்யல்ல. மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் டீசலைத் தின்று கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடும். ஆனால் ஒரு கிலோ எண்ணெய் முழுதும் சிதைய மூன்று கிலோவுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். மழையில் ஊறிக் கிடக்கும் எங்கள் களிமண்ணுக்குள் அவ்வளவு காற்று எப்படிப் போகும்? குளிர் வேறு. வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் அவற்றின் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சென்னைக் கணக்கு மலைக்கு ஆகாது.

அதனால் இரண்டையும் கலந்தோம். கசிவை அடைத்து, வாடை அடித்த மேல்மண்ணை வெட்டியெடுத்து, தார்ப்பாய் விரித்து அதன்மேல் குவித்தோம். மக்கிய சாணத்தைக் கலந்து வாரம் ஒருமுறை புரட்டினோம். மழை வந்தால் மூடினோம். சாணம் பாக்டீரியாவுக்குத் தழைச்சத்து, புரட்டுவது காற்று. (செலவு தொழிற்சாலையுடையது, முதுகுவலி எங்களுடையது.) மண்வெட்டிக்கு எட்டாத ஆழத்தை அப்படியே விட்டு, ஊற்று நீரை மாதாமாதம் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அளக்காமல் காத்திருந்தால் அதற்கு வைத்தியம் என்று பெயர் கிடையாது. கோடையில் மட்டும் சோதித்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள்; மழையில் நிலத்தடி நீர் ஏறும்போது, மேல் மண்ணில் தங்கியிருப்பதையும் அது தொட்டுக்கொண்டு வரும்.

உங்களுடையது பெட்ரோல் என்றால் காத்திருக்கவே வேண்டாம். அதில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பென்சீன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். பெட்ரோல் எளிதில் ஆவியாவதால் மண்ணில் குழாய் இறக்கி அந்த ஆவியை உறிஞ்சி எடுக்கலாம். டீசலுக்கு அந்த வழி அவ்வளவாகப் பலிக்காது.

எங்கள் ஊற்றில் கடைசி இரண்டு சோதனைகளிலும் எண்ணெய் இல்லை என்றே வந்தது. அதில் ஒன்று மழைக்குப் பின் எடுத்தது. இருந்தும் அம்மா அந்தத் தண்ணீரில் காபி போட மறுக்கிறார்.