ரோமானியச் செப்புக் காசுகள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என்னிடம் உள்ள சின்னக் காசில் ஓநாய் ஒன்று இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுக்கிறது. மறுபக்கம் தலைக்கவசம் போட்ட பெண். யார் காலத்துக் காசு?

பதில்: ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலம். கி.பி. 330 முதல் அடித்தார்கள். அந்தப் பெண்தான் ரோம் நகரம். சுற்றிலும் 'ஊர்ப்ஸ் ரோமா' என்று இருக்கும். குழந்தைகள், ரோமை நிறுவியதாகப் புராணம் சொல்லும் இரட்டையர் ரோமுலஸும் ரீமஸும். ஓநாய்க்கு மேலே இரண்டு நட்சத்திரம் தெரிகிறதா பாருங்கள். அந்த வருடம்தான் கான்ஸ்டான்டிநோபிள் புதுத் தலைநகராகத் திறப்புவிழா கண்டது. அந்தப் புது நகருக்கும் ஜோடியாக ஒரு காசு உண்டு. சிறகு முளைத்த வெற்றித் தேவதை கப்பல் முகப்பில் கால் வைத்து நிற்பாள். 'இடம் மாறினாலும் உங்களை மறக்கவில்லை' என்று ரோமாபுரிக்காரர்களைத் தாஜா செய்த காசு உங்கள் ஓநாய்க் காசு என்றுதான் எனக்குப் படுகிறது. ஓநாயின் காலுக்குக் கீழே உள்ள எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். எந்த ஊர் அக்கசாலை (காசு அடிக்கும் இடம்) என்பதை அதுதான் சொல்லும்: 'டி.ஆர்.' என்றால் இன்றைய ஜெர்மனியில் உள்ள ட்ரியர்.

கேள்வி: எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது சார். குதிரையிலிருந்து சரிபவனை ஒரு வீரன் ஈட்டியால் குத்துவது மட்டும் தெரிகிறது.

பதில்: அது போதும். 348-ல் தொடங்கிய வரிசை, பெரும்பாலும் கான்ஸ்டன்டைனின் மகன் இரண்டாம் கான்ஸ்டான்ஷியஸ் காசாக இருக்கும். வாசகம் 'நல்ல காலம் திரும்பியது' என்கிறது. யாருக்கு நல்ல காலம் என்று விழுகிறவனைக் கேட்க வேண்டும்! அவன் கையைக் கவனியுங்கள்: சில காசுகளில் வீரனை நோக்கிக் கை நீட்டுவான், சிலவற்றில் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருப்பான். வகை பிரிக்க அதுவே அடையாளம்.

கேள்வி: பெரிய காசுகளில் 'எஸ் சி' என்று இருக்கிறதே?

பதில்: செனட் சபையின் தீர்மானப்படி என்று பொருள். பேரரசர் வெஸ்பாசியனின் கி.பி. 71-ஆம் ஆண்டு செஸ்டர்ஷியஸ் என்ற பெரிய பித்தளைக் காசில் பேரீச்ச மரத்தடியில் ஒரு பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். முந்தைய ஆண்டு ஜெருசலேம் ரோமானியரிடம் வீழ்ந்தது, அவள்தான் யூதேயா, அதாவது யூதர்களின் நாடு. கீழே அதே 'எஸ் சி'.

கேள்வி: பச்சைக் களிம்பு போக புளி போட்டுத் தேய்க்கலாமா அண்ணா?

பதில்: கூடவே கூடாது! குத்துவிளக்கா அது? புளிப்பு மேல்படலத்தைத் தின்றுவிடும், உருவமும் சேர்ந்து போகும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவிடுங்கள்; அவ்வப்போது நீரை மாற்றுங்கள்.

கேள்வி: கரூர்ப் பக்கம் கிடைப்பவையும் இதே காசுகள்தானா?

பதில்: ஆமாம், அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைப்பவற்றில் 4, 5-ஆம் நூற்றாண்டுச் செப்புக் காசுகள் உண்டு. பெரும்பாலும் வழவழவென்று தேய்ந்தவை. இலங்கையில் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அசல் போதாமல் அங்கேயே பார்த்து அடித்த நகல்களும் அவற்றில் உண்டு. நகல் என்றால் எழுத்து வெறும் கோடுகளாகக் கிடக்கும்.