கோடை வெயிலில் தோட்டத்து மீன் குளம் சூடாகாமல் இருக்க என்ன செய்யலாம்?

மதியத்தில் குளத்துத் தண்ணீர் 33 டிகிரியைத் தொடுகிறது, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, ஐஸ் கட்டி போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐஸ் வேண்டாம். முதலில் காற்றைக் கொடுங்கள், அப்புறம் நிழலைக் கொடுங்கள்.

மீன்கள் அப்படி மேலே வருவது மூச்சு போதாததால். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு வந்துவிடும். அதே சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்கு ஆக்சிஜன் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். வரவு குறையும்போதே செலவு ஏறுகிறது. கோல்டு ஃபிஷ், கோய் இரண்டுமே குளிர்ந்த தண்ணீர் மீன்கள் என்பதால் இன்னும் சிரமப்படும்.

இதை நான் இரண்டு மீன்களைப் பறிகொடுத்துத்தான் புரிந்துகொண்டேன். என் குளம் ஆறடி நீளம், நாலடி அகலம், இரண்டடி ஆழம்; ஏறக்குறைய 1,350 லிட்டர். வெயில் பகலில்தானே என்று நினைத்து, தண்ணீருக்குள் காற்றை ஊதுகிற ஏரேட்டரை இரவில் நிறுத்திவிடுவேன். ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தால், எல்லா மீன்களும் குழாய் சொட்டுகிற மூலையில் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. பெரிய மீன்கள் இரண்டு பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன, செவுள் அசையவே இல்லை. பகலில் ஆக்சிஜன் தருகிற பாசியும் செடிகளும் இரவில் தாங்களே அதை எடுத்துக்கொள்ளும். அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். தண்ணீர் பச்சையாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். கோடை முழுவதும் ஏரேட்டர் 24 மணி நேரமும் ஓடட்டும். ஏரேட்டர் குழாயின் நுனியில் குமிழிகளை விடுகிற ஏர் ஸ்டோன் பெரிதா சிறிதா என்பதைவிட, தண்ணீரின் மேற்பரப்பு நன்றாகக் கலங்குகிறதா என்று பாருங்கள்.

ஐஸ் ஏன் வேண்டாம் என்றால், பலன் ரொம்பக் கொஞ்சம். ஒரு கிலோ ஐஸ் முழுவதும் உருகினாலும் 1,000 லிட்டர் தண்ணீர் பத்தில் ஒரு டிகிரி அளவுக்குத்தான் குளிரும். அதே 1,000 லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் ஆவியாகிப் போனால் அரை டிகிரிக்கு மேல் இறங்கும். ஐஸை மூட்டை மூட்டையாகக் கொட்டினால் குளிரும்தான். ஆனால் சட்டென்று நாலைந்து டிகிரி இறங்குவது மீனுக்குச் சூட்டைவிட மோசம். காற்றில் ஈரம் குறைவான இடமாக இருந்தால், சிறிய ஃபவுண்டன் ஒன்றை மாலையிலிருந்து காலைவரை ஓடவிடுங்கள். அந்த ஆவியாதலே குளிர்ச்சி தரும். புழுக்கமான ஊரில் அதனால் குளிர்ச்சி அதிகம் கிடைக்காது, காற்று மட்டும் கிடைக்கும். கல் அடுக்கிய அருவி வைத்திருந்தால் உச்சி வெயிலில் அந்தக் கல்லைத் தொட்டுப் பாருங்கள். கை சுடுகிறதா? அப்படியானால் அது தண்ணீரைச் சூடாக்கித்தான் குளத்துக்கு அனுப்புகிறது. பகலில் அதை நிறுத்திவிட்டு ஏர் ஸ்டோனை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் பெரிய வித்தியாசம் தருவது நிழல்தான். அதுவும் மேற்குப் பக்க நிழல். காலை வெயில் குளத்துக்கு நல்லது. பகல் ஒரு மணிக்கு மேல் சாய்ந்து விழுகிற வெயில்தான் தண்ணீரைச் சுட வைக்கும். பாதி வெயிலைத் தடுக்கிற பச்சை ஷேட் நெட் போதும். தண்ணீருக்கு நாலடி உயரத்திலாவது, மேற்கில் சற்றுத் தாழ்வாகச் சரித்துக் கட்டுங்கள். குளத்தின் மேலேயே விரித்தால் காற்றோட்டம் நின்றுவிடும். அல்லி இலைகள் அழகும் நிழலும் தரும், ஆனால் பரப்பில் பாதிக்கு மேல் மூட விடாதீர்கள். ஆகாயத்தாமரை வளர்ப்பதாக இருந்தால், கழித்த செடியை ஏரியிலோ வாய்க்காலிலோ போட்டுவிடாதீர்கள். அது அங்கே பரவிவிட்டால் எடுக்கவே முடியாது.

தரைக்கு மேலே கட்டிய தொட்டியா? அப்படியென்றால் சுவர் வழியாகவும் சூடு ஏறும். வெயில் படுகிற சுவரை ஒட்டிச் செடித் தொட்டிகளை நெருக்கமாக வரிசையாக வையுங்கள், அல்லது ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள். தண்ணீர் குறையும்போது உடனுக்குடன் நிரப்புங்கள். ஆழம் குறையக் குறைய சூடும் சீக்கிரம் ஏறும். மாற்றுவதாக இருந்தால் பத்தில் ஒரு பங்கு மட்டும், அதுவும் அதிகாலையில். வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வருகிற கொதிநீரைச் செடிக்கு விட்டுவிட்டு, கையில் பிடித்துப் பார்த்த பிறகே குளத்துக்குத் திருப்புங்கள். குளோரின் கலந்த தண்ணீர் என்றால் குளோரினை நீக்குகிற மருந்தைச் சேர்க்க மறக்காதீர்கள்.

30 டிகிரிக்கு மேல் போகும் நாட்களில் தீனியைப் பாதியாக்குங்கள். விடிந்ததும் போடாமல், வெயில் வந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் போடுங்கள். தின்ற தீனியைச் செரிக்கவும் ஆக்சிஜன் வேண்டும். மிச்சம் அழுகி வருகிற அம்மோனியா, சூடான தண்ணீரில் கூடுதல் விஷமாகும். மேலே வந்து வாயைத் திறக்கிற மீனுக்குப் பசி என்று நினைத்துத் தீனி போட்டுவிடாதீர்கள்.

வலை கட்ட ஒன்றிரண்டு நாள் ஆகட்டும், பரவாயில்லை. ஏரேட்டரை இன்று மாலையே ஓடவிடுங்கள். நாளை விடிவதற்கு முன் டார்ச்சோடு ஒருமுறை குளத்தைப் போய்ப் பாருங்கள். மீன்கள் அடியில் அமைதியாக இருந்தால் சரி. இன்னும் மேலேயே நின்றால் இரண்டாவது ஏர் ஸ்டோன் ஒன்றை உடனே சேருங்கள்.