மேற்படிப்பு, வேலை குறித்து மாணவர்களுக்கு வழிகாட்டுவதில் பள்ளியின் பொறுப்பு எதுவரை?

ஆண்டுக்கு ஒருமுறை தனியார் கல்லூரியிலிருந்து யாரோ ஒருவர் வந்து பேசி, பேனாவும் நோட்டீசும் கொடுத்துவிட்டுப் போவதோடு பள்ளியின் பொறுப்பு முடிந்துவிடுகிறதா என்று, ஒன்பதாம் வகுப்பு மாணவனின் தந்தையாகக் கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக முடிந்துவிடவில்லை. மதுரை நகரில் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகளாகப் பத்தாம் வகுப்பு ஆசிரியராக இருப்பவன் நான். இந்தப் பொறுப்பில் நானே தவறிய ஒரு நிகழ்வைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும்.

மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இலவச பஸ் பாஸில் வந்து படித்த மாணவி அவள். பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில், அலுவலக அறை வாசலில் பிள்ளைகளை மதிப்பெண் வரிசைப்படி நிற்கவைத்து, முதலில் நின்றவர்களுக்கு ஃபர்ஸ்ட் குரூப், அடுத்தவர்களுக்கு சயின்ஸ் குரூப், மிஞ்சியவர்களுக்கு காமர்ஸ் என்று படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தோம். அவள் முறை வந்தபோது சயின்ஸ் குரூப்பில் இடம் தீர்ந்திருந்தது. காமர்ஸ் என்று எழுதியது என் கைதான். இரண்டு ஆண்டு கழித்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தவள், "சார், ஒத்தக்கடை அக்ரி காலேஜுக்கு அப்ளிகேஷன் எப்பப் போடணும்?" என்று கேட்டாள். நெல்லும் கடலையும் போடுகிற குடும்பம். யானைமலை அருகே அந்தக் கல்லூரியை பஸ் ஜன்னல் வழியாக நாளுக்கு இருமுறை பார்த்துக்கொண்டே வளர்ந்திருக்கிறாள். வேளாண்மைப் பட்டப்படிப்பில் சேர மேல்நிலையில் அறிவியல் பாடங்களோ வேளாண் தொழிற்கல்விப் பிரிவோ படித்திருக்க வேண்டும் என்பதை எங்களில் ஒருவரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. வேறு பள்ளியில் சயின்ஸ் குரூப் கிடைக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லும் எண்ணம்கூட அன்று எனக்கு வரவில்லை.

பதினைந்து வயதில், பத்து நிமிடத்தில், வாசலில் நின்றபடி எடுக்கப்படும் முடிவு பல கதவுகளைச் சாத்திவிடுகிறது என்பதால், அதற்கு முன்பே, குறைந்தது ஒன்பதாம் வகுப்பிலேயே, எந்தக் குரூப் எந்தப் படிப்புக்கு இட்டுச்செல்லும் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சொல்லிவிடுவதைத்தான் பள்ளியின் முதல் கடமையாக நான் கருதுகிறேன்.

சில செய்திகளுக்கு ஒன்பதாம் வகுப்பே தாமதம். மருத்துவப் படிப்பில் 2020 முதலும் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென நடைமுறையில் உள்ள 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைப் பெற, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படிக்கவைத்து, 'இனிமேல் நல்ல பள்ளி' என்று இடம் மாற்றும் பெற்றோர் எத்தனை பேருக்கு இது தெரியும்? எங்களைப் போன்ற உதவிபெறும் பள்ளிகளில் சேர்க்கையின்போது இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சொன்னால் எங்கள் சேர்க்கை குறையும் என்பதையும் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன்.

வழிகாட்டுதலில் என்னை அதிகம் உறுத்துவது இந்தச் சார்புதான். இங்கிலாந்தில் மாணவர்களுக்குச் சார்பற்ற, சுதந்திரமான வழிகாட்டுதல் கிடைக்கச் செய்வது பள்ளிகளின் சட்டக் கடமை. 2022இல் இயற்றப்பட்ட சட்டம் அதைப் பள்ளியின் ஏழாம் ஆண்டு மாணவர்களுக்கும் விரிவாக்கியது. தொழிற்பயிற்சி தருவோரும் பள்ளிக்குள் வந்து மாணவர்களிடம் பேச இடம் தர வேண்டும் என்ற விதியும் 2018 முதல் அங்கே இருக்கிறது. இங்கே கல்லூரி விளம்பரப் பேச்சாளருக்கு உடனே மைக் கிடைக்கிறது, கோ.புதூர் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்திலிருந்து ஒரு பயிற்றுநரை நாங்கள் அழைத்ததே இல்லை. வயர்மேன், வெல்டர் போன்ற பிரிவுகளில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரலாம் என்பதும், பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு பாலிடெக்னிக் முடித்தால் நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதும் எங்கள் பள்ளியில் தோல்வியடைந்தவர்களுக்குச் சொல்லும் ஆறுதலாக மட்டுமே பேசப்படுகின்றன. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் கேட்டு, விரும்பினால் தேர்ந்துகொள்ள வேண்டிய வழிகள் இவை.

அரசின் பங்கு இல்லாமல் இல்லை. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும், கல்லூரியில் சேராமல் நின்றுபோனவர்களை அழைத்துச் சேர்க்கும் 'உயர்வுக்குப் படி' முகாம்களும் பயனுள்ளவை. ஆயினும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் எப்போது விண்ணப்பிப்பது என்பதை, கலந்தாய்வு நெருங்கும் கடைசி வாரத்தில் அல்லாமல், பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கத்திலேயே நினைவூட்ட வேண்டியவர் வகுப்பாசிரியர்தான்.

உங்கள் மகனின் பள்ளியில் அடுத்த பெற்றோர் கூட்டத்தின்போது தலைமையாசிரியரிடம் மூன்றைக் கேளுங்கள்: குரூப் ஒதுக்குமுன் மாணவனோடு தனியாகப் பேசப் போவது யார், அவன் கேட்கும் குரூப் இங்கே இல்லையென்றால் அது கிடைக்கும் அரசுப் பள்ளிகளின் பட்டியலைத் தருவீர்களா, கல்லூரிக்காரர்களைத் தவிர இந்த ஆண்டு வேறு யாரை அழைக்கிறீர்கள். மூன்றாம் கேள்விக்குப் பதில் வராவிட்டால், தொழிற்பயிற்சி நிலையத்திலிருந்து ஒருவரை அழைத்துவர நீங்களே முன்வாருங்கள். எங்கள் பள்ளியில் வரும் ஜூலையில் அதற்கு நாள் கேட்டு நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.