1973 போர்ஷே கரேரா ஆர்எஸ் 2.7, 2021 போர்ஷே 911 ஜிடி3: ஓட்டுவதற்கு எது சிறந்தது?

வேகம் மட்டுமே அளவுகோல் என்றால் இதில் போட்டியே இல்லை. பழைய ஆர்எஸ்ஸின் 2.7 லிட்டர் எஞ்சின் 210 குதிரைத்திறனைத் தருகிறது. ஜிடி3-இன் 4 லிட்டர் எஞ்சினோ நிமிடத்துக்கு 9,000 சுழற்சிவரை சென்று 510 குதிரைத்திறனைத் தருகிறது. இரண்டிலும் டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் எஞ்சின்தான், அதுவும் பின் அச்சுக்குப் பின்னால்தான் இருக்கிறது என்பதால் இந்த ஒப்பீடு நியாயமானதே.

ஆனால், எடை குறைக்கப்பட்ட ஆர்எஸ் ஏறத்தாழ 960 கிலோதான். ஜிடி3 1,400 கிலோவைத் தாண்டுகிறது. பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய காரில் சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் நேரடியாகக் கைக்கு வந்து சேர்வதால், மிதமான வேகத்திலேயே ஓட்டுநருக்கு நிறைய வேலை இருக்கும். வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், எடை முன்னோக்கி நகர்ந்து பின்சக்கரங்கள் பிடியை இழக்க, வண்டியின் பின்பகுதி வெளியே வீசப்படும். அதைக் காப்பாற்ற எந்த மின்னணு உதவியும் கிடையாது. ஜிடி3-இல் ஒவ்வொரு முன்சக்கரத்தையும் இரண்டு கைகளால் தாங்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷனும், அகன்ற டயர்களும், வண்டி சறுக்காமல் தடுக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடும் அந்தக் குணத்தைப் பெரிதும் அடக்கிவிட்டன. ஜிடி3-இன் உண்மையான சுவையை அறியப் பந்தயத் தடம் தேவைப்படும்.

பொதுச் சாலையில் ஓட்டுவதற்கு என்றால், விலையை மறந்துவிட்டு, நான் பழையதையே தேர்ந்தெடுப்பேன்.