தொப்பைக் கொழுப்பு எப்படி வெளியேறுகிறது?

கேள்வி: காவேரிப்பட்டணத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போய்வருகிறேன். வயது 42, எடை 82 கிலோ. தினமும் 45 நிமிடம் சட்டை நனைய நடக்கிறேன். இரண்டு வாரத்தில் 3 கிலோ குறைந்தது. பிறகு இறங்கவே இல்லை. ஷிப்ட் முடிந்ததும் டீ, இரண்டு போண்டா. இரவில் களி இரண்டு உருண்டை. தொப்பை ஏன் கரையவில்லை?

பதில்: அந்த 3 கிலோவில் பெரும்பங்கு நீர். ஈரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன், கிராமுக்குச் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது குறைந்தால் நீரும் போய்விடும். வியர்வை நீரும் உப்பும்தான்.

கொழுப்பு செல்லுக்குள் கொழுப்பின் சேமிப்பு வடிவமான டிரைகிளிசரைடு ஒரு பெரிய எண்ணெய்த் துளியாக நிற்கிறது. சாப்பிட்டதும் ஏறும் இன்சுலின், கொழுப்பைச் செல்லுக்குள் சேர்க்கிறது; உள்ளிருப்பதை உடைக்கும் நொதிகளையும் அடக்குகிறது. இன்சுலின் இறங்கி, நடையில் அட்ரினலின் ஏறும்போது அந்த நொதிகள் விழித்து, டிரைகிளிசரைடை மூன்று கொழுப்பு அமிலங்களாகவும் ஒரு கிளிசராலாகவும் பிரிக்கும். அமிலங்கள் ரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு தசைக்குப் போகும். அங்கே எரிந்தவை பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் வெளியேறும். எரியாதவை மீண்டும் கொழுப்பாகவே சேரும்.

உங்கள் நடையில் 200 முதல் 250 கலோரி செலவாகலாம். சர்க்கரை போட்ட டீயும் இரண்டு போண்டாவும் அதை முழுதாகத் திருப்பிக் கொடுத்துவிடும். கேழ்வரகு நல்ல தானியம்தான்; ஆனாலும் 100 கிராம் மாவில் சுமார் 320 கலோரி இருக்கிறது. போண்டாவை விட்டு, களியை ஓர் உருண்டையாக்கி, கீரைக் கடைசலையும் கொள்ளையும் கூட்டுங்கள். நாளுக்கு 500 கலோரி குறைந்தால் ஒரு கிலோ கொழுப்பு இறங்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். வயிற்றுப் பயிற்சி தசையை வலுவாக்கும். அந்த இடத்துக் கொழுப்பை மட்டும் தனியாக எடுக்காது.

எடை குறையும்போது செல்கள் சுருங்குமே தவிர, எண்ணிக்கை பெரிதாகக் குறையாது. ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு செல்கள் இறந்தாலும், அதே அளவு புதிதாக வருகின்றன. சுருங்கிய செல், பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோனைக் குறைவாகச் சுரப்பதால் பசி கூடும். இளைத்தவர்களுக்கு எடை திரும்ப ஏறுவதில் இதற்குப் பங்கு உண்டு. அதை மன உறுதியில்லாமை என்று பழிப்பது அநியாயம்.

அளவு மீறி வீங்கிய செல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாது. கொழுப்பு அமிலங்கள் நாள் முழுக்கக் கசிந்து ஈரலில் படியும், சர்க்கரையும் ஏறும். ஆகவே மூச்சை இயல்பாக விட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப் வைத்து அளந்து பாருங்கள். 90 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் (பெண்களுக்கு 80) வெறும்வயிற்றுச் சர்க்கரையும் ஈரலும் பரிசோதிக்க வேண்டும். ஏற்கெனவே இன்சுலின் ஊசியோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், சாப்பாட்டைக் குறைக்கும் முன் மருந்தளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தாழ்சர்க்கரையில் மயக்கம் வரலாம்.